தீ ஓர் அறையோடு நிற்க: புதிதாகக் கட்டடப் பொறுப்பேற்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

கன்னியாகுமரி மாவட்டத்தில் நாகர்கோவில், மார்த்தாண்டம், திங்கள்சந்தை என எங்கே போனாலும் ரோட்டோரம் ஒரே மாதிரிக் கட்டடங்கள் எழும்புகின்றன. கீழே துணிக்கடையோ பாத்திரக்கடையோ இருக்கும். முதல் மாடியில் கிளினிக் அல்லது டியூஷன் சென்டர், அதற்கு மேல் குடித்தனம், மொட்டை மாடியில் மழைக்காக டிரஸ் (இரும்புக் கூரைச் சட்டம்) அடித்துப் போட்ட ஷீட். எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே மாடிப்படி. இப்படி ஒரு கட்டடத்தை நீங்கள் கட்டப்போகிறீர்கள், அல்லது சைட் இன்ஜினியராக முதல் வேலைக்குச் சேர்ந்திருக்கிறீர்கள் என்றால் இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான்.

தீப் பாதுகாப்பு என்றதும் சிவப்பு சிலிண்டரும் அலாரமும்தான் பலருக்கு நினைவுக்கு வரும். அவை தேவைதான். ஆனால் சிலிண்டரை யாராவது எடுத்து அடிக்க வேண்டும், பம்புக்குக் கரண்டும் தண்ணீரும் வேண்டும். சுவர், தளம், கதவு, பூச்சு ஆகியவையே தீயையும் புகையையும் தடுத்து நிறுத்தும்படி கட்டுவது தனி வேலை. பாஸிவ் ஃபயர் புரொடெக்‌ஷன் என்று இன்ஜினியர்கள் சொல்வது இதைத்தான். ராத்திரி இரண்டு மணிக்கு ஆளில்லாத கடையில் தீப்பிடித்தாலும், கரண்ட் போனாலும், அது தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும்.

நம் ஊரில் நல்ல சுவருக்குப் பஞ்சமில்லை. கெடுவது எங்கே என்றால், சுவர் எழும்பி முடிந்தபின் எலக்ட்ரீசியனும் பிளம்பரும் ஏசி மாட்ட வருபவரும் அதில் போடும் ஓட்டைகளில். அதை எப்படிக் கவனிப்பது என்பதற்குத்தான் கீழே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

முதலில் பிளானில் சிவப்புக் கோடு

கட்டட பிளானின் ஒரு நகலை எடுத்து ஒரு சிவப்புப் பேனாவோடு உட்காருங்கள். தீ எங்கே பிடிக்க வாய்ப்பு அதிகம்? சமையலறை, கரண்ட் மீட்டரும் பேனலும் இருக்கும் இடம், ஜெனரேட்டர், இன்வெர்ட்டர் பேட்டரி, சரக்கு அடுக்கும் குடோன். ஆட்கள் எங்கே தூங்குகிறார்கள், எந்த வழியாக வெளியே ஓடுவார்கள்? இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு கோடு போடுங்கள். மாடிப்படியைச் சுற்றி ஒரு கோடு, மீட்டர் அறையைச் சுற்றி ஒன்று, கடைக்கும் குடித்தனத்துக்கும் இடையிலான தளம் முழுக்க ஒன்று. இந்தக் கோடுகள்தாம் உங்கள் தீ எல்லை. இனி கட்டடத்தில் நடக்கிற எந்த வேலையானாலும் "இது கோட்டை வெட்டுகிறதா?" என்று கேட்டால் போதும்.

கோடு எங்கும் அறுபடக் கூடாது. ஃபால்ஸ் சீலிங்கோடு நின்றுபோகும் பார்ட்டிஷன் சுவரைப் பல கடைகளில் பார்க்கலாம். கீழிருந்து பார்த்தால் முழுச் சுவர் மாதிரி தெரியும். சீலிங் பலகையைத் தூக்கிப் பார்த்தால் மேலே ஒன்றரை அடி வெட்டவெளி. புகை அந்த வழியாகப் பக்கத்துக் கடைக்குப் போக ஒரு நிமிடம்கூட ஆகாது. எல்லைச் சுவர் என்றால் அது மேல் தளத்தின் அடிவரை போய் முட்ட வேண்டும்.

தொழில் சார்ந்த கட்டடங்களுக்கு ஒரு வார்த்தை. அண்டி ஆபீஸ்கள் எனும் முந்திரித் தொழிற்கூடங்களில் முந்திரி ஓட்டுக்குள் இருக்கும் எண்ணெய் நன்றாகப் பற்றி எரியக்கூடியது. ரப்பர் ஷீட்டைப் புகை போட்டு உலர்த்தும் கூடத்திலோ எரியும் அடுப்பும் எரியக்கூடிய சரக்கும் ஒரே கூரைக்குக் கீழே இருக்கின்றன. குலசேகரம், அருமனைப் பக்கம் இப்படிக் கூடங்கள் நிறைய. தும்பு, கயிறு, மீன்வலை வைக்கும் இடங்களும் இதே கணக்குதான். இங்கெல்லாம் குடோனை முடிந்தவரை தனிக் கட்டடமாக வையுங்கள். இடமில்லை என்றால் நடுவே கதவில்லாத முழுச் செங்கல் சுவர் வேண்டும்.

எத்தனை நிமிடம் தாங்க வேண்டும்

தீத்தாங்கு திறனை நிமிடக் கணக்கில் சொல்வார்கள்: 30, 60, 90, 120 என்று. சோதனை உலையில் வைத்துச் சூடாக்கும்போது மூன்று விஷயங்களைப் பார்க்கிறார்கள். பாரம் தாங்குகிறதா, சுடர் மறுபக்கம் வருகிறதா, மறுபக்கத்தின் மேற்பரப்பு அளவுக்கு மீறிச் சூடாகிறதா. உலை எப்படிச் சூடேறுகிறது என்று பாருங்கள்: 5 நிமிடத்தில் சுமார் 575 டிகிரி செல்சியஸ், 30 நிமிடத்தில் சுமார் 840, ஒரு மணி நேரத்தில் சுமார் 945, இரண்டு மணி நேரத்தில் சுமார் 1,050.

2016-ஆம் ஆண்டின் தேசியக் கட்டட விதித்தொகுப்பில் நான்காம் பகுதி முழுவதும் தீயும் உயிர்ப் பாதுகாப்பும் பற்றியது. அது 15 மீட்டரையும் அதற்கு மேலும் உள்ளதை உயர்மாடிக் கட்டடம் என்கிறது. தமிழ்நாட்டின் 2019-ஆம் ஆண்டு ஒருங்கிணைந்த கட்டட விதிகளில் 18.30 மீட்டரைத் தாண்டினால்தான் உயர்மாடி. நம் மாவட்டத்தில் பெரும்பாலான கட்டடங்கள் இதற்குள் அடங்கிவிடும். அதனால் "நமக்கு இதெல்லாம் வேண்டாம்" என்று சொல்பவர்கள் உண்டு. அதை ஏற்காதீர்கள். மூன்று மாடியில் ஒரே படி இருக்கும் கட்டடத்தில் அந்தப் படியைப் புகை நிரப்பினால் மேலே இருப்பவருக்கு வேறு வழியே இல்லை. என் பரிந்துரை இதுதான்: மாடிப்படிச் சுவருக்கும், குழாயும் வயரும் மாடிக்கு மாடி ஏறும் டக்ட்டுக்கும், கடைக்கும் வீட்டுக்கும் நடுவிலான தளத்துக்கும் 120 நிமிடம். மற்ற உள்சுவர்களுக்கு 60. கல்யாண மண்டபம், லாட்ஜ், ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம் என்றால் வேலை தொடங்கும் முன்பே தீயணைப்பு, மீட்புப் பணிகள் துறையிடம் பிளானைக் காட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள். கட்டி முடித்தபின் படியை அகலப்படுத்த முடியாது.

செங்கல்லில் இதை எட்டுவது கஷ்டமே இல்லை. இருபுறமும் பூசிய நாலரை அங்குலச் செங்கல் சுவர் இரண்டு மணி நேர அளவில் தாங்கும். ஒன்பது அங்குலச் சுவர் நான்கு மணி நேரம் வரை. ஹாலோ பிளாக் போட்டால் பூச்சை விட்டுவிடாதீர்கள். இணைப்பில் இருக்கும் சின்னச் சந்துகள் வழியாகப் புகை வரும். ஜிப்சம் போர்டு பார்ட்டிஷனும் நல்லதே. ஜிப்சத்துக்குள் எடையில் ஐந்தில் ஒரு பங்கு தண்ணீர் கட்டுண்டு இருக்கிறது. அந்தத் தண்ணீர் ஆவியாகி முடியும் வரை பலகையின் மறுபக்கம் 100 டிகிரியை ஒட்டியே நிற்கும். ஆனால் போர்டு வகை, எத்தனை அடுக்கு, உள்ளே நிரப்பும் கனிமக் கம்பளி எது, எந்த இடைவெளியில் ஸ்க்ரூ என்று சோதனை செய்தபடியே போட்டால்தான் அந்த நிமிடக் கணக்கு பொருந்தும். ஒன்றை மாற்றினாலும் அது வேறு சுவர்.

தூணும் டிரஸும்

காங்கிரீட்டில் கம்பியைக் காப்பது அதன் மேல் இருக்கும் கவர், அதாவது கம்பியை மூடியிருக்கும் காங்கிரீட்டின் கனம். காங்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ் 456 சொல்லும் அளவுப்படி, இரண்டு மணி நேரம் தாங்கத் தூணுக்கு 40 மி.மீ., தொடர் பீமுக்கு (இடையிலும் தாங்கல் உள்ளது) 30, தொடர் தளத்துக்கு 25 வேண்டும். கடலோரத்துக்கு அதே ஐ.எஸ் உப்பை முன்னிட்டு 45 மி.மீ. கேட்கிறது. ஆக முட்டத்திலோ குளச்சலிலோ உப்புக்காற்றுக்காக ஒழுங்காகக் கவர் பிளாக் (கம்பியைப் பலகையிலிருந்து தூக்கி நிறுத்தும் கட்டை) வைத்தால் தீக்கான கவரும் தானாகவே கிடைத்துவிடும். காங்கிரீட் போடும் அன்று நீங்களே போய் டேப் வைத்து அளங்கள். கம்பி பலகையில் உட்கார்ந்திருந்தால் வேலையை நிறுத்துங்கள்.

இதன் மறுபக்கமும் உண்டு. கடலோரப் பழைய கட்டடங்களில் கம்பி துருப்பிடித்து, சீலிங் காங்கிரீட் பொரிந்து விழுந்திருக்கும். கம்பி வெளியே தெரிகிற அந்த இடத்தில் தீத்தடுப்பும் போய்விட்டது என்று அர்த்தம். பெயின்ட் அடித்து மறைக்காமல், துருவைச் சுரண்டி, ரிப்பேர் மார்ட்டர் வைத்துக் கவரை மீட்டெடுக்க வேண்டும்.

எனக்கு அதிகக் கவலை மொட்டை மாடி ஷீட்டைப் பற்றித்தான். இரண்டு பருவமழையும் பெய்யும் ஊர் என்பதால் டிரஸ் அடிக்காத வீடே இல்லை என்றாகிவிட்டது. மழைக்கு மட்டும் என்று போட்டது போகப்போகக் குடோனாகவும், வேலையாட்கள் தங்கும் இடமாகவும், சில இடங்களில் ஹாலாகவும் மாறிவிடுகிறது. இரும்பு 550 டிகிரியில் தன் பலத்தில் ஏறக்குறைய பாதியை இழந்துவிடும். மெல்லிய டியூபில் அடித்த டிரஸ் சில நிமிடங்களிலேயே அந்தச் சூட்டுக்கு வந்து தொய்ந்துபோகும். அதனால் அங்கே எரியும் சரக்கையும் அடுப்பையும் வைக்காதீர்கள், யாரையும் தூங்க விடாதீர்கள். ஹாலாகத்தான் ஆக்க வேண்டும் என்றால் இன்ஜினியரைக் கேட்டுச் சூட்டில் உப்பும் பெயின்ட் அடியுங்கள். சூடு பட்டதும் அது பல மடங்கு பொங்கி, இரும்பைச் சுற்றி நுரைக்கரியாக மூடிக்கொள்ளும். எவ்வளவு கனம் அடிக்க வேண்டும் என்பது இரும்பின் அளவைப் பொறுத்தது. அடித்த கனத்தை அதற்கான மீட்டரில் அளந்து சரிபாருங்கள். அதற்கு மேல் கம்பெனி சொல்லும் டாப் கோட்டையும் தவிர்க்காதீர்கள். நம் ஈரக்காற்றில் அது இல்லாமல் பெயின்ட் சீக்கிரம் கெட்டுவிடும்.

மாடிப்படியும் கதவும்

2011 டிசம்பரில் கொல்கத்தாவின் ஏஎம்ஆர்ஐ ஆஸ்பத்திரியில் அடித்தளத்தில் பிடித்த தீயில் ஏறக்குறைய 90 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் சுடர் தொடாத மேல் மாடிகளில் இருந்த நோயாளிகள். மேலே ஏறிய புகை அவர்களைக் கொன்றது. மாடிப்படியை நான் இவ்வளவு பிடித்துக்கொண்டு பேசுவதன் காரணம் இதுதான். அடைக்காத படி ஒரு புகைபோக்கி.

படிக்கட்டு அறைக்கும் ஒவ்வொரு மாடிக்கும் நடுவே தீத்தாங்குக் கதவு வேண்டும். வாங்கும்போது ஐ.எஸ் 3614-படி சோதித்த அறிக்கையைக் கேளுங்கள், கதவின் பக்கவாட்டில் சோதனை விவரத் தகடு இருக்கிறதா என்று பாருங்கள். கதவு, நிலை, கீல், பூட்டு, கதவைத் தானாகச் சாத்தும் குளோசர் எல்லாம் ஒரே செட்டாக வர வேண்டும். கதவை மட்டும் வாங்கிப் பழைய நிலையில் மாட்டினால் பிரயோஜனமில்லை. மாட்டும்போது நிலைக்கும் சுவருக்கும் நடுவே இருக்கும் சந்தைச் சிமென்ட் கலவையால் முழுக்க நிரப்பச் சொல்லுங்கள். கதவுக்கும் நிலைக்கும் நடுவே 3 மி.மீ. அளவு இடைவெளி இருக்கலாம். அதில் ஓடும் பட்டை சூட்டில் உப்பி அடைத்துக்கொள்ளும். அந்தப் பட்டைமேல் யாரும் பெயின்ட் அடிக்கவோ அதைப் பிய்க்கவோ கூடாது.

மழைக்காலத்தில் மரக்கதவு ஊதிக்கொண்டு தரையில் உரசும். ஆசாரியைக் கூப்பிட்டு அடியை இழைத்துவிடுவார்கள். வெயில் வந்ததும் கதவு சுருங்கி, கீழே ஒரு விரல் நுழையும் இடைவெளி விழும். தீக்கதவை இப்படி இழைக்கக் கூடாது, கீலைச் சரிசெய்யுங்கள். கடலோரமென்றால் கீலும் குளோசரும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்கட்டும். துருப்பிடித்த குளோசர் கதவை முழுசாகச் சாத்தாது, அப்புறம் யாராவது ஒரு செங்கல்லை வைத்துத் திறந்தே வைத்துவிடுவார்கள். காற்றுக்காகத் திறந்து வைக்கும் பழக்கம்தான் இந்தக் கதவுகளுக்கு மிகப் பெரிய எதிரி.

கடைப்பக்கச் சுவரில் படியை நோக்கி வென்டிலேட்டரோ ஜாலியோ (துளைகளுள்ள காற்றுத் தடுப்பு) இருந்தால் அடைத்துவிடுங்கள். வெளிப்பக்கம் பார்த்திருக்கும் ஜாலி இருக்கட்டும், புகை வெளியேற அது உதவும். படிக்குக் கீழே எலக்ட்ரிக் ஸ்கூட்டர் சார்ஜ் போடுவது, பழைய அட்டைப்பெட்டி அடுக்குவது, மீட்டர் போர்டு வைப்பது மூன்றுக்கும் இடம் கொடுக்காதீர்கள்.

ஓட்டைகள்

சரி, இனி முக்கியமான இடம். சிவப்புக் கோட்டை வெட்டிக்கொண்டு போகும் ஒவ்வொரு குழாயையும் வயரையும் எண்ணுங்கள். ஒரு சின்னக் கட்டடத்திலேயே எண்ணிக்கை உங்களைத் திகைக்க வைக்கும்.

வயர் போகும் ஓட்டையிலிருந்து தொடங்கலாம். இரண்டு வயருக்கு நாலு அங்குல ஓட்டை போட்டு, மீதியை அப்படியே விட்டுப் போவார்கள். சின்னச் சந்து என்றால் சூட்டில் உப்பும் சீலன்ட் போதும். பெரிய ஓட்டை என்றால் ராக்வூல் (எரியாத கல்நார்க் கம்பளி போன்ற கனிமக் கம்பளி) பலகையில் பூச்சுப் பூசி அடைப்பது, அல்லது அதற்கென்றே வரும் கலவையைக் கட்டுவது. அடிக்கடி வயர் மாற்றும் இடத்தில் எடுத்து எடுத்து வைக்கக்கூடிய தீத்தடுப்புப் பைகள் வசதி. குழாய்க்குள் வயர் ஓடினால் குழாயின் வெளிப்பக்கத்தை மட்டும் பூசி விடாதீர்கள், உள்வாயையும் அடைக்க வேண்டும்.

பிவிசி குழாய் இன்னும் மோசம். தீயில் அது உருகி ஒழுகிவிடும். நாலு அங்குலக் குழாய் இருந்த இடத்தில் நாலு அங்குல ஓட்டை மிஞ்சும். சுற்றிலும் சிமென்ட் பூசியதால் எந்தப் பயனும் இல்லை. இதற்கு ஃபயர் காலர் என்று ஒரு வளையம் வருகிறது. உள்ளே இருக்கும் பொருள் சூட்டில் உப்பி, இளகிய குழாயை நெரித்து வழியை மூடிவிடும். தளத்தில் என்றால் அடிப்பக்கம் ஒன்று, சுவரில் என்றால் இரண்டு பக்கமும் ஒவ்வொன்று. ஆங்கர் அடித்து மாட்ட வேண்டும், பசை வைத்து ஒட்டக் கூடாது.

டக்ட்டை ஒவ்வொரு மாடியிலும் அந்தந்தத் தளத்தின் மட்டத்தில் அடையுங்கள். தண்ணீர்க் குழாய், கழிவுக் குழாய், கரண்ட், இன்டர்நெட் எல்லாம் ஒரே டக்ட்டில் கீழிருந்து மேல்வரை ஏறும் கட்டடங்களில் தீ மாடிக்கு மாடி தாவுவது இந்த வழியாகத்தான். முடிந்தால் கரண்டுக்குத் தனி டக்ட். டக்ட்டின் தரைமட்டக் கதவுக்கும் பூட்டுப் போட்டுவிடுங்கள், இல்லையென்றால் துடைப்பமும் பினாயிலும் அதற்குள் குடியேறும்.

சென்ட்ரல் ஏசி டக்ட் எல்லையைத் தாண்டும் இடத்தில் ஃபயர் டேம்பர் வேண்டும். பொதுவாக 72 டிகிரியை ஒட்டி உருகும் ஒரு கண்ணி அறுந்ததும் தகடு விழுந்து வழியை மூடும். டேம்பர் சுவரின் கனத்துக்குள் உட்கார வேண்டும், கைவிட்டுப் பரிசோதிக்க ஒரு திறப்பும் வேண்டும்.

இதில் எல்லாம் ஒரு பொருளை மட்டும் உறுதியாக மறுத்துவிடுங்கள்: சாதாரண பியூ ஃபோம் (பாலியூரித்தேன் நுரை). கேனிலிருந்து பீய்ச்சினால் மஞ்சளாகப் பொங்கி அழகாக அடைத்துக்கொள்ளும், விலையும் குறைவு, அதனால் எல்லோருக்கும் பிடிக்கும். ஆனால் அது நன்றாக எரியும். தெர்மோகோல், கந்தல் துணி, சாக்கு எதுவுமே இந்த வேலைக்கு உதவாது. கான்ட்ராக்டர் கொண்டுவரும் பொருளுக்கு ஐ.எஸ் 12458 அல்லது அதற்கு இணையான சோதனை அறிக்கை இருக்கிறதா என்று கேளுங்கள். அதில் சொன்ன ஓட்டை அளவும் குழாய் அளவும் உங்கள் இடத்துக்குப் பொருந்துகிறதா என்றும் பாருங்கள்.

அடைத்து முடித்த ஒவ்வோர் இடத்திலும் ஒரு ஸ்டிக்கர்: எண், தேதி, பொருள், செய்தவர். மூடும் முன் இரண்டு பக்கமும் போட்டோ. ஃபால்ஸ் சீலிங் ஆட்கள் வருவதற்கு முன்பே இதை முடித்துவிடுங்கள்.

சீலிங், முகப்பு, மரக்கூரை

ஃபால்ஸ் சீலிங்குக்கு ஜிப்சமோ கால்சியம் சிலிகேட்டோ போடுங்கள். பிவிசி பட்டையும் தெர்மோகோலும் கடையில் வேண்டாம். எரிந்து உருகித் தலையில் சொட்டும்.

முகப்பில் ஏசிபி (அலுமினியக் கலப்புத் தகடு) ஷீட் ஒட்டுவது இப்போது ஊரெங்கும் வழக்கம். இரண்டு அலுமினியத் தகட்டுக்கு நடுவே என்ன இருக்கிறது என்பதுதான் கேள்வி. லண்டன் கிரென்ஃபெல் டவரில் 2017 ஜூன் 14 அன்று 72 பேர் உயிரிழந்த தீ, நடுவில் பாலிஎத்திலீன் வைத்த இத்தகைய தகடுகள் வழியாகத்தான் வெளிச்சுவரில் ஏறியது. எரியாத கனிமம் நிறைந்த நடு அடுக்கு உள்ளதைக் கேட்டு வாங்குங்கள். தகட்டுக்கும் சுவருக்கும் இடையிலான சந்தை மாடிக்கு மாடி அடைத்துவிடுங்கள்.

மரத்தைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும், ஏனென்றால் இது மரவேலைக்குப் பேர்போன மண். பத்மநாபபுரம் அரண்மனை தக்கலைக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. கனமான உத்தரம் எரியும்போது மேலே கரி படிந்து உள்ளே சூடு இறங்குவது மெதுவாகும். நிமிடத்துக்கு அரை மி.மீ. முதல் முக்கால் மி.மீ. அளவுதான் தேயும். மெல்லிய ரீப்பர் (ஓடு தாங்கும் மரச்சட்டம்), பலகை, ஓலை ஆகியவற்றுக்கு இந்தத் தாக்குப்பிடிப்பு கிடையாது. 2021 ஜூனில் மண்டைக்காடு பகவதி அம்மன் கோயிலில் கருவறைக் கூரை எரிந்ததை இந்த மாவட்டத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் 94 குழந்தைகளை இழந்ததும் கீற்றுக்கூரைக்குக் கீழேதான். எனவே பழைய ஓட்டு வீட்டையோ மச்சு வீட்டையோ கடையாகவோ ஹோம்ஸ்டேயாகவோ மாற்றுபவர்கள், கூரைக்குள் ஓடும் பழைய வயரை முதலில் அகற்றி, புது வயரை இரும்புக் குழாய்க்குள் போடுங்கள். சமையலறைக்கு மேலே கூரையை ஒட்டி ஜிப்சம் தடுப்புக் கொடுங்கள். கீற்றுப் பந்தல், ஓலைக் கூரை என்றால் அதன் கீழ் அடுப்பும் கூடாது, ஆட்கள் கூடும் இடமும் கூடாது.

கையில் பணம் குறைவென்றால்

ஏற்கெனவே கட்டி முடித்த கட்டடத்தில் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் செய்ய முடியாது. நான் சொல்லும் வரிசை இது. முதல் வாரம் காசே செலவில்லாமல் மாடிப்படியைக் காலி செய்யுங்கள், சீலிங்கைத் திறந்து பார்த்துச் சிவப்புக் கோட்டில் எங்கெங்கே ஓட்டை என்று குறியுங்கள். அடுத்ததாக மீட்டர் அறையும் டக்ட்டும். அதன்பின் குழாய்களுக்குக் காலர். தீக்கதவுதான் பெரிய செலவு, அதை ஒவ்வொரு மாடியாக மாட்டலாம். வீடு இருக்கும் மாடியிலிருந்து தொடங்குங்கள்.

ஒரு நோட்டுப் போட்டு, அடைத்த ஓட்டைகளின் எண்ணையும் கதவுகளின் எண்ணையும் எழுதி வையுங்கள். மாதம் ஒருமுறை ஒவ்வொரு கதவையும் திறந்து கையை எடுத்துவிட்டுப் பாருங்கள், தானாகச் சாத்துகிறதா என்று. புதிதாக சிசிடிவி மாட்ட, இன்டர்நெட் இழுக்க, ஏசி வைக்க யார் வந்தாலும் துளை போடும் முன் உங்களிடம் சொல்லட்டும். ஓட்டையை அடைத்த போட்டோவைக் காட்டிய பிறகே அவர்களுக்குப் பணம் கொடுங்கள். கடையை வாடகைக்கு விடுகிறீர்கள் என்றால் இந்த நிபந்தனையை வாடகை ஒப்பந்தத்திலேயே ஒரு வரியாகச் சேர்த்துவிடுங்கள்.